ஒரு முறைதான் சொன்னேன்

வண்டியின் பக்கவாட்டுக் கதவை நான் திறந்தபோது கச்சிபெக் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அந்தச் சிரிப்பு மறையவில்லை. முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. அவருக்குப் பக்கத்தில் இருந்த முதியவரும் அவருடைய மனைவியும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் இருவரும் கச்சிபெக்கின் வருங்காலச் சம்பந்திகள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளுக்குக் காதணி அணிவித்துத் திருமணத்தை உறுதிசெய்வதற்காகத் தலைநகரிலிருந்து வந்திருந்தனர். அதற்கு முன், வியாழக்கிழமையன்று, மூன்று ஏரிகளையும் பனியாற்றையும் காட்டி அவர்களை மகிழ்விக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

அன்று வரவேண்டிய வழிகாட்டி வேறொருவன். அவனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதால், பட்டியலில் அடுத்த பெயருக்குரிய என்னை விடியுமுன் தொலைபேசியில் அழைத்தனர். யாரை அழைத்துச் செல்ல வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. உரிம அட்டை உள்ள வழிகாட்டி இல்லாமல் எவரும் சோதனைச்சாவடியைத் தாண்டக்கூடாது என்பது மாவட்ட ஆணை. மாவட்டத்தில் பெரிய பதவி வகிக்கும் கச்சிபெக் கையொப்பமிட்ட ஆணைதான் அது.

என்னை மாற்றச் சொல்ல அவர் நினைத்திருப்பார். மாற்றச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சம்பந்திகளின் முன் சொல்வதற்கு அவரிடம் வாய் இல்லை. ஆகவே அவர் நகர்ந்து இடம்விட்டார். நான் ஏறி, ஓட்டுநரின் அருகில் அமர்ந்தேன்.

காரணம் இதுதான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் கச்சிபெக் இதே மலையில் சுற்றுலாக் குழுத் தலைவராக இருந்தார். என் தம்பி உலார் அவருக்குத் துணை வழிகாட்டி. ஜிந்திசூ என்று நாங்கள் அழைக்கும் ஆறு, இரண்டாம் ஏரிக்கும் மூன்றாம் ஏரிக்கும் இடையே வழியை அறுத்துக்கொண்டு பாய்கிறது. பைத்தியநீர் என்பது அந்தப் பெயருக்குப் பொருள். காலையில் குதிரையின் முழங்காலைக்கூட எட்டாத அந்த நீர், வெயிலில் பனி உருக உருக ஏறி, மாலையில் குதிரையையே புரட்டிவிடும். அவ்வாண்டு ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு உலார் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு அதில் இறங்கினான். மூன்று நாள் கழித்து, கீழே வேலிக்கம்பியில் அவனைக் கண்டெடுத்தோம்.

கச்சிபெக் அறிக்கை எழுதினார். அதன் வாசகம் எனக்கு மனப்பாடம்: 'மேற்படி நபர் மதுபோதையில், குழுத் தலைவரின் அனுமதியின்றி ஆற்றில் இறங்கியதால் உயிரிழந்தார்.' உலார் வோத்காவின் வாடையைக்கூடப் பொறுக்காதவன். அவனுடைய நாற்பதாம் நாள் சடங்குக்கு ஒரு குதிரையை அறுத்தோம். பாதி ஊர் வரவில்லை. வந்தவர்களும், குடிகாரன் வீட்டில் உண்கிறோம் என்ற முகத்தோடுதான் உண்டனர். என் தந்தை அதன்பின் பள்ளிவாசலில் கடைசி வரிசையில், செருப்புகளின் பக்கத்தில் நின்று தொழுதார். இரண்டு ஆண்டுகளில் அவரும் போனார். போகுமுன் என்னிடம் கேட்டது ஒன்றே: "அந்த ஒரு சொல்ல அந்தக் காகிதத்துலேருந்து எடுத்துடுறா."

நான்கு முறை மாவட்ட அலுவலகத்துக்குச் சென்றேன். எழுதியவரே வந்து திரும்பப் பெற்றாலன்றி எதையும் மாற்றுவதற்கில்லை என்று நான்கு முறையும் சொன்னார்கள். எழுதியவரோ ஒவ்வோர் ஆண்டும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

அவர்தான் இப்போது என் முதுகுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார்.

"தம்பி, பேரச் சொல்லவே இல்லயே நீ," என்றார் சம்பந்தியம்மா. ஜூரா என்பது அவர் பெயர், அறுபத்தைந்து வயதிருக்கும். குரல் மட்டும் இளமையானது.

"மைரம்பெக், அக்கா."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுக்கா. மூணு புள்ளைங்க."

"அப்ப தைரியமா உன் பின்னாடி வரலாம். திரும்பிப் போகணும்னு உனக்கும் ஒரு அவசரம் இருக்கும்."

"நம்ம பையன்தான், சம்பந்தியம்மா. வழியெல்லாம் தெரிஞ்சவன்," என்றார் கச்சிபெக். எனக்கு நாற்பத்தொன்பது வயது.

ஜூரா ஒரு துணிமூட்டையை அவிழ்த்தார். கச்சிபெக்கின் வீட்டில் சுட்ட வட்ட ரொட்டியின் மணம் வண்டியை நிறைத்தது. அதைப் பிட்டு என்னிடம் நீட்டினார்.

"வாயில வை தம்பி."

பசித்தாலும் பசிக்காவிட்டாலும், நீட்டிய ரொட்டியில் ஒரு துணுக்கையாவது வாயில் வைக்காமல் எங்களில் யாரும் எழுவதில்லை. வைத்துவிட்டாலோ, அந்த ரொட்டிக்கு உரியவருக்கு எதிராகக் கை ஓங்குவதில்லை. நான் கன்னத்தைத் தொட்டுக்காட்டினேன்.

"பல்வலிக்கா."

"நேத்து சுட்டது. பல்லே இல்லாதவங்ககூட மெல்லலாம்."

"அப்புறம் வச்சுக்கறேன்."

கச்சிபெக் சன்னல் வழியே பார்க்கத் தொடங்கினார். நான் ஏன் மறுத்தேன் என்பது அந்த வண்டியில் அவருக்கு மட்டுமே தெரியும்.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் நான்கு குதிரைகள் காத்திருந்தன. சம்பந்தியான ஷெராலி ஐயாவுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தெட்டு ஆண்டுகள் இரயில் ஓட்டியவர். சேணத்தில் ஏறியதும் கல்பாக் என்னும் கம்பளித் தொப்பியை நேராக்கிக்கொண்டார். பிறகு மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தார். முதல் ஏரி எட்டரைக்கு, இரண்டாம் ஏரி பத்துக்கு என்று நான் சொன்னபோது, நிலையங்களின் பெயர்களைக் கேட்பவர்போலத் தலையசைத்தார்.

ஜூரா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "சம்பந்தி, இந்தக் குதிரைக்கு என்ன வயசு?"

"எட்டு வயசிருக்கும்."

"அப்ப ஏன் என்னயப் பாத்தா அதுக்குத் தூக்கம் வருது?"

"உங்க எடையப் பாத்து மயங்கியிருக்கும், சம்பந்தியம்மா."

"இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை காதணி போடறப்ப உங்க பொண்ணு காத நல்லா இழுத்து விடறேன்."

சம்பந்திகள் இப்படித்தான் பேசிக்கொள்ள வேண்டும், பேசாவிட்டால்தான் குறை. கச்சிபெக் உரக்கச் சிரித்தார். முதல் ஏரியில் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் ஏரியில் புளித்த குதிரைப்பாலான குமிஸ் குடித்தார்கள். பத்தரைக்கு ஜிந்திசூவைக் கடந்தோம். நீர் தெளிந்து, கூழாங்கற்கள் தெரிய, ஒரு குழந்தையைக் கைப்பிடித்து நடத்திச் செல்லலாம் என்பதுபோல ஓடியது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அந்த ஆற்றைக் கடந்தபின், திரும்ப வேண்டிய நேரத்தை வழிகாட்டி மூன்று முறை சொல்ல வேண்டும். முதல் முறை கரையில். இரண்டாம் முறை உணவு விரிப்பில். மூன்றாம் முறை, தன் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்து எழுந்துநின்று. மூன்றாம் முறை சொன்னபின் எழாதவர் எவராயினும், மந்திரியே ஆனாலும், அவரை விட்டுவிட்டுக் குதிரையை அவிழ்க்கலாம். யாரும் கோபிக்கமாட்டார்கள். அந்த விதியால் உயிர் தப்பியவர்கள் பலர்.

அக்கரையில் குதிரையை நிறுத்தி, நான் உரக்கச் சொன்னேன்: "ரெண்டு மணிக்கு இங்க திரும்பி நிக்கணும். ரெண்டுக்கு மேல இந்தத் தண்ணி நம்ம பேச்சக் கேக்காது."

ஷெராலி ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணி. சரிப்பா."

"அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்குச் சொல்ற கணக்கு, சம்பந்தி," என்றார் கச்சிபெக். "இந்தத் தண்ணிய எனக்குத் தெரியும். அந்தக் கடிகாரத்தக் கழட்டிப் பையில போடுங்க. இங்க எந்த ரயிலும் பொறப்படப் போறதில்ல."

விருந்தளிப்பவர் சொல்லும்போது விருந்தாளி மறுப்பதற்கில்லை. ஷெராலி ஐயா சற்றுத் தயங்கிப் பிறகு கடிகாரத்தைக் கழற்றினார். அதைச் சட்டைப்பைக்குள் வைக்கையில் என்னை ஒருமுறை பார்த்தார்.

மூன்றாம் ஏரி பால் நிறமுடையது. அதன் தலைமாட்டில் பனியாற்றின் நுனி, கரும்புழுதி பூசிய பெரிய நாக்கைப்போலக் கிடந்தது. அது ஆண்டுதோறும் பின்வாங்குகிறது. எங்கே நின்றிருந்தது என்பதை நாங்கள் பாறைகளில் சிவப்பு வண்ணத்தால் ஆண்டெழுதிக் குறிப்போம். ஏரியிலிருந்து நடக்கையில் அந்த ஆண்டுகள் ஒவ்வொன்றாக வரும். பனி இருக்கும் இடம் இன்னும் தொலைவில் இருக்கும். இவ்வளவு தூரம் போய்விட்டதா என்று எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

ஒரு பாறையில் ஜூரா நின்றார். "இந்த எழுத்து மட்டும் எவ்வளவு அழகா இருக்கு. அச்சு அடிச்ச மாதிரி. யாரு எழுதினது?"

"என் தம்பி, அக்கா."

"இப்ப எங்க இருக்கான்?"

"கல்லு வழுக்குது, சம்பந்தியம்மா. கையப் புடிச்சிக்குங்க," என்றார் கச்சிபெக்.

"அந்த வருசமே எறந்துட்டான்க்கா. இந்த ஆத்துலதான்."

ஜூரா இரு உள்ளங்கைகளையும் விரித்து, உதடுகள் அசையப் பிரார்த்தித்து, முகத்தைத் தடவிக்கொண்டார். ஷெராலி ஐயாவும் அவ்வாறே செய்தார். கச்சிபெக்கும் செய்தார். அவர் கைகள் முகத்திலிருந்து இறங்கும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பனியை அடைந்து, தொட்டு, மீண்டும் ஏரிக்கரைக்கு வந்து விரிப்பைப் போட்டபோது மணி ஒன்று. குதிரைக்கறித் தொத்திறைச்சி, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகள், காய்ந்த பாதாமி, தேநீர், இரண்டு புட்டி வோத்கா. ஷெராலி ஐயா குடிப்பதில்லை. கச்சிபெக் இருவருக்குமாகச் சேர்த்துக் குடித்தார். நான் விரிப்பின் ஓரத்தில் வெறும் தேநீரோடு அமர்ந்திருந்தேன்.

"பல்லு இன்னும் வலிக்குதா?" என்றார் ஜூரா.

"இருக்குக்கா."

ஒன்றரை ஆயிற்று. விதிப்படி இரண்டாம் முறை சொல்ல வேண்டிய வேளை. நான் சொல்வதற்காகவே வாயைத் திறந்தேன். இதை நான் யாரிடமும் மாற்றிச் சொல்ல விரும்பவில்லை. பகை நெஞ்சில் இருந்தது உண்மை. ஆனாலும் தொழில் நாக்கில் இருந்தது.

அப்போது கச்சிபெக் தம் கிண்ணத்தை உயர்த்தினார்.

"அந்தத் தண்ணிக்குப் பயப்படறவங்களக் கண்டா எனக்குச் சிரிப்புதான் வரும், சம்பந்தி. பதினோரு வருசத்துக்கு முன்னாடி, ஒன்பது வெளிநாட்டுக்காரங்க என் பொறுப்புல. சாயங்காலம் அஞ்சு மணி. ஆறு கொதிக்குது. அழறாளுங்க, கத்தறானுங்க. நான் ஒருத்தன் நின்னு ஒன்பது பேரயும் ஊரு கொண்டுபோய்ச் சேத்தேன். ஒரு உசுருக்குச் சேதம் கிடையாது."

"ஒருத்தருக்குமா?" என்றார் ஜூரா.

"ஒரு பய மட்டும் போனான். குடிச்சுட்டு எறங்கினான். குடிகாரன ஆறு விடுமா?"

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். விருந்தினர் முன் இவன் வாயைத் திறக்கமாட்டான் என்று உறுதிசெய்துகொள்ளும் பார்வை அது. அவர் நினைத்தது சரி. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் நான் நேரத்தைச் சொல்லவில்லை.

இரண்டு மணி ஆனதை ஏரியின் மறுகரையில் நிழல் விலகியதைக் கொண்டு அறிந்தேன். மூன்று மணி ஆனதைக் காதால் அறிந்தேன். பள்ளத்தாக்கின் கீழே, மூடிய கதவுக்குப் பின்னால் பலர் பேசுவதுபோன்ற ஒலி தொடங்கியிருந்தது. ஆற்றினடியில் கற்கள் உருளும் ஒலி அது. கச்சிபெக் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஷெராலி ஐயா இருமுறை, "முடிச்சு ஆசி சொல்லிடட்டுமா சம்பந்தி?" என்று கேட்டார். மூத்தவர் கை விரித்து ஆசி சொன்னால்தான் விரிப்பைச் சுருட்டலாம். "கறி அப்படியே கெடக்கே, என்ன அவமானப்படுத்தறீங்களா?" என்று கச்சிபெக் இருமுறையும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நான் கிண்ணத்தைக் கவிழ்த்திருந்தால் எல்லாம் அக்கணமே முடிந்திருக்கும். என் கிண்ணம் நிமிர்ந்தே இருந்தது.

யாரும் சாகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கரைக்குப் போக முடியாது, அவ்வளவுதான். ஏரிப்பக்கமாக மேய்ப்பர்களின் கல்குடிசை ஒன்று இருந்தது. அதில் கம்பளமும் அடுப்பும் உண்டு. நீரில் கால் வைக்காதவனை நீர் ஒன்றும் செய்யாது. இவ்வளவையும் எண்ணிப்பார்த்த பின்னரே நான் மௌனமாக இருந்தேன். ஆகவே, அறியாமல் செய்தேன் என்று நான் சொல்வதற்கில்லை.

நாலே முக்காலுக்குக் கரைக்கு வந்தோம். காலையில் கூழாங்கற்கள் தெரிந்த இடத்தில் இப்போது பழுப்பு நிறச் சேறு முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. குதிரைகள் காதுகளைப் பின்னுக்கு மடக்கின. ஜூரா பேச்சை நிறுத்தியிருந்தார்.

கச்சிபெக் தம் குதிரையைக் குதிகாலால் உந்தினார். அது இரண்டடி பின்வாங்கியது. மீண்டும் உந்தினார், மீண்டும் பின்வாங்கியது.

"மைரம்பெக், எறங்கு," என்றார்.

"எங்க?"

"ஆத்துலதான். கயித்த எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போய்ப் பாறைல கட்டு. அதப் புடிச்சிக்கிட்டு நாங்க வரோம்."

நான் குதிரையிலிருந்து இறங்கினேன். கயிற்றுச் சுருளைச் சேணத்திலிருந்து எடுத்தேன். அதை அவருடைய குதிரையின் காலடியில் போட்டேன்.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?"

"என்ன உளர்றே?"

"இந்நேரத்துல இந்த ஆத்துல குடிச்சவன்தான் எறங்குவான்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. நான் காலைலேருந்து டீயத் தவிர ஒண்ணும் குடிக்கல. நான் எறங்க மாட்டேன். நீங்க ஒன்றரைப் புட்டி குடிச்சிருக்கீங்க. நீங்க எறங்குங்க."

ஜூரா மெதுவாகக் குதிரையைத் திருப்பி எங்கள் இருவருக்கும் நடுவே கொண்டுவந்தார்.

"தம்பி. அந்தச் செவப்பு எழுத்து எழுதினவனா? சம்பந்தி சொன்ன குடிகாரன் அவன்தானா?"

"அவன்தான்க்கா. குடிகாரன் இல்ல. ஒரு நாளும் குடிச்சதில்ல."

"சம்பந்தியம்மா, அண்ணன் இல்லயா, அப்படித்தான் சொல்லுவான்," என்றார் கச்சிபெக். "விசாரண நடந்து முடிஞ்ச கத. காகிதம் இருக்கு."

"காகிதத்த விடுங்க." ஜூரா மூட்டைக்குள் கைவிட்டார். காலையில் நான் மறுத்த ரொட்டியில் மிஞ்சியதை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, குதிரைமேல் இருந்தபடியே அவர் முன் நீட்டினார். "உங்க வீட்டு ரொட்டி. என் மருமக கையால சுட்டது. இது மேல கை வச்சு, அந்தப் பையன் குடிச்சிருந்தான்னு ஒரு தடவ சொல்லுங்க. நான் இந்தத் தம்பிய வாய மூடச் சொல்லிடறேன்."

ரொட்டியின்மேல் கைவைத்துப் பொய் சொன்னவனின் கதி என்ன என்று எங்கள் குழந்தைகளுக்கும் தெரியும். கச்சிபெக் அலுவலகத்தில், காகிதத்தில், கூட்டங்களில், மேடைகளில் எத்தனையோ பொய்களைச் சொன்னவர். அவருடைய கை சேணத்திலிருந்து எழுந்தது. ரொட்டிக்கு ஒரு சாண் தொலைவு வரை வந்தது. அங்கேயே நின்றது. அது அப்படியே நிற்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று விரும்பினேன்.

"தொடுங்க சம்பந்தி," என்றார் ஷெராலி ஐயா. அவர் குரலை உயர்த்தவில்லை.

கை கீழே இறங்கியது.

"குடிக்கல," என்றார் கச்சிபெக்.

"கேக்கல. ஆத்துச் சத்தம்," என்றேன்.

"அவன் குடிக்கலப்பா. நான்தான் குடிச்சிருந்தேன். நான்தான் எறங்கச் சொன்னேன். மாட்டேன்னான். எறங்கலன்னா அட்டையப் புடுங்கிடுவேன்னு சொன்னேன்." அவர் என்னைப் பார்க்காமல் குதிரையின் பிடரியைப் பார்த்துப் பேசினார். "நேரத்த மூணு தடவயும் சொன்னான். கிண்ணத்தக் கவுத்து வச்சுட்டு எழுந்து நின்னான். நான்தான் அதத் திருப்பி வச்சு டீ ஊத்தினேன்."

பதினோரு ஆண்டுகளாக அந்த மாலையை நான் பலவாறு கற்பனை செய்திருக்கிறேன். அந்தக் கிண்ணத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அவரைக் குதிரையிலிருந்து இழுத்து அந்தச் சேற்றில் தள்ள வேண்டும்போல் இருந்தது. என் கை அவருடைய கடிவாளத்தைப் பிடித்துவிட்டிருந்ததைப் பிறகுதான் உணர்ந்தேன்.

ஷெராலி ஐயா என் தோளைத் தொட்டார். "கைய எடுப்பா."

எடுத்தேன்.

"உன்னயும் ஒண்ணு கேக்கணும். அவன் மூணு தடவ சொன்னான். நீ எத்தன தடவ சொன்ன?"

"ஒரு தடவ."

"மறந்துட்டியா?"

"இல்ல ஐயா."

அவர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "நான் முப்பத்தெட்டு வருசம் வண்டி ஓட்டினவன். கொடி காட்டாதவன எனக்கு நல்லாத் தெரியும். இவளுக்கு மூட்டுவலி. இன்னைக்கு ராத்திரி பூரா கல்லுத் தரைல கெடக்கப் போறா. அது உன் கணக்குலதான் எழுதணும்."

"எழுதிக்குங்க ஐயா," என்றேன்.

கல்குடிசையில் இரவைக் கழித்தோம். விடியலில் ஜிந்திசூ இறங்கியிருந்தது. முதலில் ஜூராவின் குதிரையைப் பிடித்து நடத்தினேன். அடுத்து ஷெராலி ஐயாவை. கடைசியில் கச்சிபெக் மட்டும் அக்கரையில் நின்றார். திரும்பிச் சென்று அவருடைய கடிவாளத்தையும் பிடித்தேன். ஆற்றின் நடுவில், பிறருக்குக் கேட்காத இடத்தில், அவர் குனிந்து சொன்னார்:

"சொல்லிட்டேன்ல. இதோட விட்டுடு. எனக்கும் பொண்ணு இருக்கா."

"எங்கப்பனுக்கும் புள்ள இருந்தான்," என்றேன். "வண்டி வீட்டுக்குப் போகாது. நேரா மாவட்ட ஆபீசுக்குப் போகும்."

அவர் சம்பந்திகளைப் பார்த்தார். அவர்கள் கரையில் குதிரைகளை நிறுத்தி எங்களுக்காகக் காத்திருந்தனர். மறுப்பதற்கு அவருக்கு இடமில்லை.

வண்டியில் ஏறினோம். ஊர் தெரியத் தொடங்கியதும் ஜூரா தம் கைப்பையைத் திறந்து, உள்ளே இருந்த காதணிப் பெட்டியைத் தொட்டுப்பார்த்து, மீண்டும் மூடினார்.

"ஞாயித்துக்கெழம போட்டுடுவேன். பொண்ணு என்ன பண்ணுச்சு, பாவம்," என்றார். "ஆனா ஒண்ணு, சம்பந்தி. கல்யாணத்தன்னைக்கு எங்க வீட்டுல உங்களுக்கு மரியாதக்காரங்க ஒக்கார்ற மேல்பக்கத்துல எடம் கெடையாது. வாசப்பக்கம்தான். யாராவது ஏன்னு கேட்டா, நான் காரணத்தச் சொல்லுவேன். கேக்காட்டியும் சொல்லுவேன்."

இதற்கு அவர் சிரிக்கவில்லை. இது சம்பந்தி கேலி அன்று என்பதை அவர் புரிந்துகொண்டார்.

மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர் பழைய கோப்பைத் தேடி எடுப்பதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கச்சிபெக் தாம் எழுதியதைத் தம் கையாலேயே திரும்பப் பெற்றார். 'மதுபோதையில்' என்ற சொல் உட்பட அந்த வாக்கியம் முழுவதும் நீக்கப்பட வேண்டும் என்றும், இறங்கச் சொன்னது தாமே என்றும் எழுதினார். ஷெராலி ஐயா சாட்சியாகக் கையொப்பமிட்டார். நான் அதை மூன்று முறை படித்தேன். ஒரு பிழையும் இல்லை.

"இப்ப நீயும் எழுது," என்றார் ஷெராலி ஐயா, இன்னொரு தாளை என் பக்கம் தள்ளி.

எழுதினேன்: 'திரும்ப வேண்டிய நேரத்தை மூன்று முறை சொல்ல வேண்டிய நான், பகையின் காரணமாக, ஒரு முறை மட்டுமே சொன்னேன்.' எழுத்தர் அதைப் படித்துவிட்டுத் தலைநிமிர்ந்தார்.

"அண்ணே, இதக் குடுத்தா உங்க அட்டை போயிடும். தெரியும்ல? திரும்பக் கெடைக்காது."

"தெரியும்." அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தேன். பதினெட்டு ஆண்டுகள் நான் அணிந்திருந்த அட்டை. அதற்கு ஈடாக ஒரு சொல்லை எடுக்க முடிந்தது. விலை அதிகம் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

இலையுதிர்காலத்தில் ஜூராவிடமிருந்து அழைப்பு வந்தது. தலைநகரில் அவர்களுடைய வீட்டில் மணவிருந்து. என்னை வாசலுக்கு நேரெதிரே, மேல்பக்கத்தில், ஷெராலி ஐயாவுக்கு அடுத்தபடியாக அமர்த்தினார்கள். நாற்பது பேர் இருந்த கூடத்தில் வாசல் ஓரமாக, செருப்புகளின் அருகில், மணப்பெண்ணின் தந்தை அமர்ந்திருந்தார். ஏன் என்று சிலர் கேட்டனர். ஜூரா சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

விருந்து பரிமாறுவதற்கு முன், வாசலருகில் இருப்பவர்தான் எழுந்து எல்லோருடைய கைகளுக்கும் நீர் ஊற்ற வேண்டும். கச்சிபெக் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் குடுவையும் மறுகையில் வட்டிலுமாக, வரிசையாக ஒவ்வொருவர் முன்பும் குனிந்து வந்தார். என் முன் வந்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து ஊற்றினார்.

"தண்ணி சூடு சரியா இருக்கா?" என்று, எல்லோரிடமும் கேட்டதுபோலவே என்னிடமும் கேட்டார்.

"ஆறிப்போச்சு," என்றேன். "வேற கொண்டு வாங்க."

அவர் குடுவையை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னிலையிலும், அந்த நீளமான கூடத்தைக் கடந்து சமையலறைக்கு நடந்தார். நீர் ஆறியிருக்கவில்லை.